பெண்கள் வகுப்பில் ஒரு சிங்கம்

மனைவி இறந்துபோன பிறகு எனக்கு வீட்டில் உட்காரவும் பிடிக்கவில்லை, வெளியே போகவும் பிடிக்கவில்லை. பல வருஷம் கோலார் தங்கவயலின் மாரிகுப்பத்தில் விடிகாலை ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் வந்தவன் நான். ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கலாம் என்று வந்தால், கூட இருக்க வேண்டியவள் இல்லை. தூக்கம் போயிற்று. நெஞ்சில் ஏதோ அடைத்த மாதிரியே இருக்கும். டாக்டர் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்றார்.

அவள் எங்கள் தங்கவயலிலேயே பாலகாட் பகுதியில் ஒரு யோகா வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். எல்லாரும் பெண்கள். ஒரு நாள் அவர்களில் ஒருத்தியான பக்கத்து வீட்டம்மா வாசலில் வந்து நின்றாள்.

"இன்னாண்ணே, சும்மா குந்திகினு கீறீங்க? அக்கா எடம் காலியாத்தான் கீது. வாங்க."

"பொம்பளைங்க நடுவுல நான் இன்னாம்மா பண்றது?"

"மூச்சு வுடுங்க, போதும்."

லுங்கியோடு போனதால் முதல் நாளே திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் மகன் விட்டுப்போன ட்ராக் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு போனேன். குனிந்தால் கை முழங்காலோடு நின்றுவிட்டது. நடுநடுவே அவர்கள் என் மனைவியைப் பற்றிக் கதை கதையாகச் சொன்னார்கள். வீட்டில் அதிர்ந்து பேசாதவள், இங்கே என் குறட்டையை அப்படியே செய்து காட்டுவாளாம். சிம்மாசனம் என்று ஒன்று உண்டு. மண்டியிட்டு, நாக்கை நீட்டி, சிங்கம் போலக் கர்ஜிக்க வேண்டும். அதில் அவளுக்குச் சிரிப்பு அடங்காமல், டீச்சர் வெளியே அனுப்பிவிடுவாராம்.

"இன்னிக்கு அதையே மாடோணா சார், செய்யலாம்," என்றார் டீச்சர். சின்னப் பெண், கன்னடத்தையும் தமிழையும் கலந்துதான் பேசுவார்.

நாக்கை நீட்டிக் கத்தினேன். எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இரண்டாவது முறை கத்தியபோது குரல் உடைந்து அழுகையாகிவிட்டது. அடக்கத்தன்றுகூட வராத அழுகை. யாரும் கண்ணைத் துடைக்கச் சொல்லவில்லை.

"மூச்சை முழுசா வுடுங்க சார். அவசரமே இல்ல," என்றார் டீச்சர்.

மற்றவர்கள் எனக்குத் துணையாகக் கர்ஜித்துக்கொண்டே இருந்தார்கள். வெளியே தெருநாய்கள் பயந்து குரைக்க ஆரம்பித்தன. அதைக் கேட்டு, அழுகையினூடே மறுபடி சிரித்துவிட்டேன்.

அன்று மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவன் சாயங்காலம்தான் எழுந்தேன்.

துக்கம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். துணி காயப்போடும்போது, கறிகாய் வாங்கும்போது, திடீரென்று வரும். அப்படியே நின்று மூச்சை மெல்ல இழுத்து, மெல்ல விடுவேன். கொஞ்சம் கொஞ்சமாக இளகும்.

போன வாரம் மகன் போன் செய்தான்.

"இன்னா நைனா, குரல் தெளிவா கீதே?"

"போனை வைப்பா, கிளாசுக்கு நேரமாச்சு," என்றேன்.