விண்கல்லும் முகத்துவாரமும்

1. மைக் கைமாறிய காலை

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் ஊரில், போட் உரிமையாளர்கள் சேர்ந்து நடத்திய வயர்லெஸ் அறையில் நான் ஆபரேட்டராக இருந்தேன். கடலில் இருக்கும் ஃபைபர் போட்டுகளுக்குக் காற்று நிலவரம் சொல்வது, எஞ்சின் நின்றுபோனால் பக்கத்துப் போட்டை உதவிக்கு அனுப்புவது, இதுதான் வேலை. எனக்குச் சொந்த ஊர் கீழ்வேளூர்ப் பக்கம். நெல் விளைகிற ஊர்க்காரனுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று நான் ஓய்வு பெறும்வரை கேலி பேசினார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

ஒரு நாள் டீ குடித்துவிட்டுத் திரும்பினால், செட்டைச் சுற்றிப் பெண்கள் கூட்டம். மைக் செல்லம்மா கையில் இருந்தது. துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவர். ஊரில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

"எல்லாரும் வலையை வாரிக்கிட்டு ஒடனே கரைக்கு வாங்க. வானத்துலேருந்து கல்லு விழப்போவுது. கடலு பொங்குமாம்!"

எல்லாம் ஒரு வாட்ஸ்அப் வீடியோ செய்த வேலை. சூரியனைச் சுற்றிப் பூமி போகும் பாதை ஒரு கோடு, ஒரு சிறுகோள் போகும் பாதை இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் சிவப்பு வட்டம் போட்டு, இன்று பிற்பகல் வங்காள விரிகுடாவில் விழும் என்று ஒருவன் அடித்துப் பேசியிருந்தான்.

கல்லை நினைத்து நான் பயப்படவில்லை. முகத்துவாரத்தை நினைத்துத்தான் பயந்தேன். அது நீர் வற்றிய நேரம். ஆறு கடலில் சேரும் இடத்தில் மணல்மேடு தட்டி, அலை உடைந்துகொண்டிருந்தது. சாயங்காலம் நீர் ஏறுமுன் அதற்குள் போட்டை விட்டால் கவிழ்த்துவிடும். முந்தின வருஷம் அப்படித்தான் ஒருவரைப் பறிகொடுத்தோம். இப்போது அத்தனை போட்டும் எஞ்சினை முடுக்கிக்கொண்டு அந்தக் குறுகலான வாயை நோக்கி வரப்போகின்றன.

மைக்கைப் பிடுங்கி, "யாரும் உள்ள வராதீங்க, தண்ணி இல்ல!" என்று கத்தினேன். செல்லம்மாவின் மகன் முருகையன்தான் பதில் சொன்னான்.

"அண்ணே, அம்மா கூப்புட்டாங்க. வந்துட்டே இருக்கோம். ஓவர்."

அதோடு சரி. அதன்பின் என் குரலுக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை.

2. செல்லம்மாவின் கேள்வி

என் தங்கை கணவர் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர். அவருக்குப் போன் போட்டேன்.

"கல்லு வர்றது நெசம்தான் மச்சான். ஒரு வேன் சைஸ் இருக்கும். பாதை ரெண்டும் வெட்டுறதும் நெசம். ஆனா அது அந்த எடத்தைத் தாண்டுறப்ப பூமி அங்க இருக்காது. கல்லு நெலாவுக்கும் அந்தாண்ட போயிடும். கணக்கு எவ்வளவு தப்பலாம்னும் சேத்துத்தான் பாத்திருக்காங்க. அப்பவும் நெலாவுக்கு அந்தாண்டதான்."

அதை அப்படியே சொன்னால் யாருக்குப் புரியும்? என் புத்திக்கு எட்டிய மாதிரி சொன்னேன். "லெவல் கிராசிங்ல ரோடும் தண்டவாளமும் வெட்டுதில்ல? அதுக்காக எல்லா பஸ்ஸும் ரயில்லயா மோதுது? பஸ் போற நேரம் வேற, ரயில் வர்ற நேரம் வேற."

"கேட்டு போடுறவன் தூங்கிட்டா?" என்றார் செல்லம்மா.

"அங்க கேட்டும் இல்ல, ஆளும் இல்லைங்க. கல்லு அதுபாட்டுக்கு சூரியனைச் சுத்துது. நெனச்சா திருப்புறதுக்கு அதுல ஸ்டியரிங்கா இருக்கு?"

இரண்டு பேர் சிரித்தார்கள். செல்லம்மா சிரிக்கவில்லை.

"சுனாமியப்ப எவனும் ஒரு வார்த்தை சொல்லல. எம் பொண்ணு போயிட்டா. இன்னைக்கு ஒருத்தன் முன்கூட்டியே சொல்றான். அவனை நம்பாதங்கிறீங்க."

"அப்படியே அலை வந்தாலும் நடுக்கடல்தாங்க பத்திரம். உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். இருந்தாலும் எம் புள்ள எங் கண்ணு முன்னாடி இருக்கணும்."

அந்த நேரம் பார்த்து என் மனைவி வசந்தா போன் செய்தாள். என் போனில் பேசினால் தெருவுக்கே கேட்கும்.

"என்னங்க, பாப்பாவை அழைச்சுக்கிட்டுத் தஞ்சாவூர் பஸ் ஏறிட்டேன். நீங்களும் கெளம்பி வந்துடுங்க."

செல்லம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்க வீட்டம்மா மேட்டுக்குப் போவாங்க, எம் புள்ள கடல்ல நிக்கணும். அப்படித்தானே?"

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வீடியோக்காரன் மேல், வசந்தா மேல், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் கேள்வி நியாயமாக இருந்ததன் மேல். ஸ்பீக்கரைப் போட்டேன்.

"எங்க இருக்கே?"

"கீழ்வேளூர் வரப்போவுது."

"எறங்கு. அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு, பாப்பாவோட நேரா வயர்லெஸ் ரூமுக்கு வா."

பஸ் ஹாரனுக்கு மேலே அவள் குரலை உயர்த்தினாள்.

"ஏங்க, நெசமாவே ஒண்ணும் ஆவாதா?"

"ஆவாது."

"சரி, எறங்குறேன்."

3. வலைக் குவியல் மேல் பாப்பா

அவர்கள் வந்து சேர்வதற்குள் போட்டுகள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டன. முன்னால் வந்தது முருகையன் போட். நான் மைக்கில் மன்றாடினேன், திட்டினேன், தொண்டை கட்டியதுதான் மிச்சம். செல்லம்மா வாசலிலேயே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டோவிலிருந்து வசந்தா இறங்கினாள். முகம் வெளிறிக் கிடந்தது. கூடவே எங்கள் ஏழு வயதுப் பாப்பா. செல்லம்மா குழந்தையின் தலையைத் தடவி, கடலைப் பார்த்த மாதிரி வலைக் குவியல் மேல் உட்கார வைத்தார். பிறகு உள்ளே வந்து மைக்கை எடுத்தார்.

"முருகையா, வாய்க்குள்ள வராத. திருப்பு! எல்லாருக்கும் சொல்றேன், வெளியவே நங்கூரம் போடுங்க. தண்ணி ஏறுனப்புறம் வந்தா போதும்."

அதற்குள் முருகையன் அலை உடையும் இடத்துக்கே வந்துவிட்டான். போட்டின் முன்பக்கம் தூக்கி அடித்தது. ஒரு நொடி அது எங்கள் கண்ணிலிருந்து மறைந்தது. செல்லம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். மறுபடி தெரிந்தபோது போட் பக்கவாட்டில் திரும்பி, வெளிக்கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. மற்றவையும் ஒவ்வொன்றாக நின்றன.

வீடியோக்காரன் சொன்ன நேரம் வந்தது, போனது. கல் தன் வழியில் போயிற்று. நீர் ஏறியதும் போட்டுகள் வரிசையாக உள்ளே வந்தன. முருகையன் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். வசந்தா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இப்போது அந்த மாதிரி அறைகளில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். "பயப்படாதீங்க" என்ற வார்த்தையை என் சர்வீஸில் எத்தனையோ முறை மைக்கில் சொல்லியிருக்கிறேன். அத்தனை முறையும் கடலில் இருந்தது ஊரார் பிள்ளைகள். அன்று பிற்பகல் பாப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்பா, பயமா இருக்குப்பா" என்றாள். கணக்கு முழுக்க எனக்குத் தெரியும். கல் நிலவுக்கு அப்பால் போகிறது என்பதும் தெரியும். ஆனாலும் அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை. போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.