கூல்வென் தூக்கிய கொடி

எங்கள் ஊரில் தொள்ளாயிரம் பேர், இரண்டு கால்பந்து கிளப். வெள்ளைச் சட்டை கிளப்பைப் பாதிரியார் 1931-ல் தொடங்கினார். அவரைக் கண்டாலே ஆகாத பள்ளிக்கூட வாத்தியார் அடுத்த வருடமே சிவப்புச் சட்டையைத் தொடங்கினார். கோயிலுக்குப் போகிறவன் வெள்ளை, போகாதவன் சிவப்பு. நான் கோயில் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. ஆனால் அப்பா வெள்ளை, அதனால் நானும் வெள்ளை.

தபால்காரர் கூல்வென் கெர்பிரா எங்கள் கொடிக்காரர். சின்ன கிளப் ஆட்டங்களில் ஒரு பக்கக் கோட்டில் நம் ஆள் கொடியோடு நிற்பான், மறுபக்கம் அவர்கள் ஆள். தன் அணி தப்புச் செய்யும்போது கொடிக்காரனுக்குக் கண் கொஞ்சம் மங்கும். அது ஊரறிந்த வழக்கம். கூல்வெனுக்கு மட்டும் மங்கியதே இல்லை.

1994-ல் கடைசி ஆட்டம் சிவப்போடு. ஜெயிக்காவிட்டால் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். இறங்கினால் பாதிப் பேர் போய்விடுவார்கள், கிளப் நிற்காது. ஒன்றுக்கு ஒன்று. முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது நான் பந்தை உள்ளே தட்டிவிட்டேன். திரும்பினால் கூல்வெனின் கொடி மேலே நிற்கிறது. ஆஃப்சைடு: பந்து எனக்கு வந்தபோது எனக்கும் கோல் கோட்டுக்கும் நடுவில் கோலியைத் தவிர எதிரணி ஆள் இன்னொருவனும் இருந்திருக்க வேண்டும். கோல் செல்லாது என்றார் நடுவர்.

கீழே இறங்கினோம்; அடுத்த வருடம் எங்களில் பதினொரு பேர்கூடத் தேறவில்லை. இரண்டு கிளப்பையும் சேர்த்தார்கள், சட்டை சிவப்பு. கூல்வென் அவர்களுக்கும் கொடி பிடித்தார். மைதானத்துக் கடையில் சைடர் என்கிற ஆப்பிள் மது குடிக்கிறவர்கள் அவரைச் சீண்டாத ஞாயிறு கிடையாது.

"சொந்த வீட்டுக்கே கொள்ளி வெச்ச மனுஷன் வர்றாரு, வழி விடுங்கப்பா."

"ஆஃப்சைடுன்னா ஆஃப்சைடுதான்" என்பார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நடமாடினார்.

ஐந்து வருடம் கழித்து, அன்று சிவப்புக்குத் தடுப்பாட்டக்காரனாக இருந்த குவெனொலே அதே கடையில் சாசேஜைக் கடித்துக்கொண்டே சிரித்தான்.

"டேய், அன்னிக்கு நான் சறுக்கி கோல் கம்பத்துக்குப் பின்னால சேத்துல கெடந்தேன். வெளிய கெடந்தாலும் நான் கணக்குல உண்டுடா, விதி அப்படி. உன் கோல் நல்ல கோலு. உங்க ஆளு என்னைப் பாக்கவே இல்ல."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. நேராகப் போனேன். கூல்வென் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கொட்டினேன்.

"கம்பத்துக்குப் பின்னாலயா?"

"ஆமா."

வலையைக் கீழே வைத்தார். "அப்ப கோல்தான்" என்றார்.

அடுத்த ஞாயிறு என் ஜன்னல் திட்டில் கொடி இருந்தது, துவைத்து இஸ்திரி போட்டு. அதன்பின் மைதானத்துக்கு அவர் வரவில்லை. மூன்றாவது குளிர்காலத்தில் இறந்தார்.

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். சொன்னதால் கோலும் திரும்பவில்லை, கிளப்பும் திரும்பவில்லை. அவரிடம் மிச்சமிருந்த ஒன்றையும் நான் பிடுங்கியதுதான் கண்ட பலன்.

இப்போது அந்தக் கொடியை நான்தான் பிடிக்கிறேன். தூக்குவதற்கு முன் கம்பத்துக்குப் பின்னால் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். இதுவரை அங்கே யாரும் விழுந்து கிடந்ததில்லை.