இசோகாய்க்குத் தெரியாத முகங்கள்

இனிப்புக் கடைகளுக்கு அட்டைப் பெட்டி செய்யும் கம்பெனி ஒன்றில், சரக்கு அனுப்பும் பிரிவை முப்பத்தெட்டு வருஷம் கட்டி மேய்த்தவர் இசோகாய் தமோத்சு. நூற்று நாற்பது கடைகளின் போன் நம்பரும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். டைரியைப் புரட்டுகிறவனைக் கண்டாலே அவருக்கு இளக்காரம்.

அப்படிப்பட்டவர் போன குளிர்காலத்தில் ஒரே வாரத்தில் இரண்டு தடவை முடி வெட்டிக்கொள்ளப் போனார். நகோயா நகரத்துச் சலூன்காரர் மரியாதை தெரிந்தவர். முந்தாநாள்தானே வந்தீர்கள் என்று வாய் திறக்காமல், மிச்சமிருந்த கொஞ்சத்தையும் நறுக்கி, குனிந்து வணங்கி அனுப்பிவைத்தார். வீட்டில் மனைவி ஹருயோ அவர் தலையையே பார்த்தாள். அவளும் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து இசோகாய்க்கு உள்ளூர ஓர் உதறல். அதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை.

குளிர் விட்டதும், ஓய்வு பெற்று ஆறு வருஷம் கழித்து, பழைய பிரிவிலிருந்து ஒரு அஞ்சலட்டை வந்தது. சுருமா பூங்காவில் செர்ரிப் பூ விருந்து, ஞாயிறு பதினொரு மணி, நீரூற்றுக்குப் பக்கத்தில் நீல விரிப்பு, அவசியம் வரவேண்டும். இசோகாய் அதைப் பரீட்சைக்கு வந்த அழைப்பாகவே எடுத்துக்கொண்டார். போய் உட்கார்ந்து அத்தனை பேரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் தன் தலையில் கோளாறு ஒன்றும் இல்லை. முடியாவிட்டால்? அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை. கழுத்தில் டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நீரூற்றுக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் மரத்துக்கு மரம் நீல விரிப்பு. விடியற்காலையிலேயே ஒவ்வொரு கம்பெனியும் ஓர் இளசை அனுப்பி இடம் பிடித்து வைத்திருந்தது. கம்பெனிப் பேர் எழுதி ஒட்டிய காகிதத்தின் மேல் சாப்பாட்டுப் பையைத் தூக்கி வைப்பதும் வழக்கம்தான். அவர் தயங்கி நின்ற விரிப்பிலிருந்து வட்டக் கண்ணாடிக்காரர் ஒருவர் துள்ளி எழுந்தார்.

"அடடே, வாங்க வாங்க! எப்பவும் உங்க தயவுதான்!"

இந்த ஊரில் முன்பின் பார்க்காதவரிடமும் இதைத்தான் சொல்வார்கள். இசோகாயே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அவர் அந்த முகத்தையே உற்றுப் பார்த்தார். இந்த மனிதர் யார்? பேர் மட்டுமல்ல, முகமே ஞாபகத்தில் இல்லையே.

ஷூவைக் கழற்றி ஓரத்தில் வரிசையாக வைத்துவிட்டு ஏறினார். வயதையும் டையையும் பார்த்து, மரத்தில் முதுகு சாய்கிற பெரியவர் இடத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். சுற்றிலும் பதினான்கு பேர். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். தெரிந்த முகம் ஒன்றுகூடத் தட்டுப்படவில்லை.

ரோஜா நிறச் சால்வை போட்டிருந்த பெண்மணி பீர் ஊற்றிக்கொடுத்தாள். "போன வருஷமும் மழை வருமோ வருமோன்னு பயந்துகிட்டேதான் உக்காந்திருந்தோம். ஞாபகம் இருக்கா?"

"இல்லாம என்ன, நல்லாவே இருக்கே" என்றார் இசோகாய். போன வருஷம் நான் வந்தேனா? இங்கேயா? இவளோடா?

வட்டக் கண்ணாடி அவர் காதருகே குனிந்தார். "இருக்கிறதிலேயே பெரியவர் நீங்கதான். நாலு வார்த்தை பேசி நீங்களே ஆரம்பிச்சு வைங்களேன்."

மறுக்க முடியுமா? காகிதக் கோப்பையோடு எழுந்தார். பதினான்கு பேரும் கப்சிப்பென்று அண்ணாந்து பார்த்தார்கள்.

"இந்தப் பூ இன்னும் ஒரு வாரம்கூடத் தாங்காது. உதிர்ந்துடும். ஆனா நம்ம... நம்ம பிரிவுல யாரும் யாரையும் மறந்துடக்கூடாது. கம்பாய்!"

"கம்பாய்!" என்று கோப்பைகள் உயர்ந்தன. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். கடைசியில் இருந்த இரண்டு பேர் மட்டும் அவரைப் பார்த்துக் குசுகுசுவென்று பேசினார்கள். கண்டுபிடித்துவிட்டார்கள் என்று இசோகாய்க்குத் தோன்றியது. பாவம், பெரியவருக்கு எல்லாம் போயிடுச்சு என்றுதான் பேசிக்கொள்வார்கள். முட்டைச் சுருளை மென்றார். உப்பா இனிப்பா என்றே தெரியவில்லை. முப்பத்தெட்டு வருஷமும் இப்படித் துடைத்துக்கொண்டு போய்விடுமா? ஒரு மணி நேரம் தலையாட்டியும் சிரித்தும் ஓட்டினார்.

அப்போது விரிப்பின் ஓரத்தில் ஒரு பெண் வந்து மண்டியிட்டாள்.

"மேனேஜர் சார், குறுக்க வந்ததுக்கு மன்னிக்கணும். இவங்க விருந்து முடிஞ்சதும் எங்க பக்கமும் ஒரு எட்டு வருவீங்களா? இந்த மரத்துக்குப் பின்னாடியேதான் இருக்கோம். நீங்க ரொம்ப சந்தோஷமா இருந்தீங்க, கூப்பிடத் தயக்கமா இருந்துச்சு."

"நிஷிவாகி!" இசோகாய் கத்தியே விட்டார். "சேர்ந்த முதல் நாளே முந்நூறு பெட்டிக்கு லேபிளைத் தலைகீழா ஒட்டின நிஷிவாகி!"

"அதை மட்டும் மறக்க மாட்டீங்களே" என்றாள் அவள்.

வட்டக் கண்ணாடியின் முகம் வெளுத்தது. "அப்போ நீங்க எங்க டைரக்டரோட சிநேகிதர் இல்லையா?"

"நான் பைப் குடோன் பெரியவர்னு நினைச்சேன்" என்றாள் சால்வைக்காரி.

அது குழாய் விற்கிற கம்பெனி. ஒவ்வொருவரும் அவரை இன்னொருவருடைய விருந்தாளி என்று நினைத்திருக்கிறார்கள். கேட்பது மரியாதை இல்லை என்று அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு ஊட்டி விட்டிருக்கிறார்கள். இப்போது மாற்றி மாற்றித் தரையில் தலை படக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார்கள்.

"உங்கள்ல ஒருத்தரையும் எனக்குத் தெரியாது!" இசோகாய்க்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சத்தியமா ஒருத்தரைக்கூடத் தெரியாது!" பீர் வேலை செய்கிறது என்று அவர்கள் சிரித்தார்கள்.

மரத்துக்குப் பின்னால் ஒன்பது பேர் இருந்தார்கள். ஒன்பது பேரையும் வரிசையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். ஒருவருடைய மகளின் பேரைக்கூடச் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள்.

"அது சரி சார்" என்று நிஷிவாகி சிரித்தாள், "எல்லாம் தெரியாத முகமா இருக்கேன்னு உங்களுக்குத் தோணலையா? நீங்க எந்தக் கம்பெனின்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

மரியாதைக்காகக் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் இடம் மாறி உட்கார்ந்திருப்போமோ என்று அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு நொடிகூட அவர் நினைக்கவில்லை. எடுத்த எடுப்பில் தன் தலையைத்தான் சந்தேகப்பட்டார். ஒன்பது பேரைச் சொன்னதில் வந்த தைரியம் அப்படியே வடிந்துவிட்டது. இதோ வருகிறேன் என்று எழுந்து, நீரூற்று ஓரம் போய் வீட்டுக்குப் போன் போட்டார்.

"என்னங்க, பூவெல்லாம் எப்படி?" என்றாள் ஹருயோ.

"ஒன்பது பேரோட பேரையும் சொல்லிட்டேன்."

"ரொம்ப சந்தோஷம்ங்க."

"ஹருயோ, எனக்குப் பயமா இருக்கு. குளிர்காலத்துலேர்ந்தே பயமா இருக்கு."



"தெரியும்ங்க" என்றாள் அவள். "நீங்களா சொல்ல மாட்டீங்களான்னுதான் காத்துக்கிட்டிருந்தேன்."