எங்கே போகிறது?

கட்டடம் கட்டும் இடத்தில் பெண் இன்ஜினியருக்கு வேலையாட்கள் வைத்த பெயர் ‘குப்பைக்கா’. அவருக்கு அதில் வருத்தமில்லை, உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட. அஸ்திவாரம் தோண்டும் முன்பே எது எவ்வளவு மிஞ்சும், அதை எங்கே குவிப்பது என்று திட்டம் போட்டுவிடுவார்.

இந்த முறை நான்கு தடுப்புகள் கட்டி ‘செங்கல் கழிவு’, ‘மரக் கழிவு’ என்று பலகை மாட்டியதுதான் வினை. மறுநாளே செங்கல் துண்டுகளோடு டீக் கப்பும் சோற்று மிச்சமும் சேர்ந்து நாறின.

“கண்ணு இருக்கா இல்லையாய்யா உங்களுக்கு?” என்று குதித்தார்.

“நீங்கதானேக்கா கழிவுன்னு எழுதி வெச்சிருக்கீங்க!” என்றார் கொத்தனார்.

குப்பைக்கா உடனே பலகைகளைக் கழற்றி, அந்தந்தப் பொருள் அடுத்துப் போகும் இடத்தை எழுதினார்: செங்கல் துண்டுக்கு ‘வண்டிப் பாதைக்கு’, மரத்துக்கு ‘மேல்மாடி சென்ட்ரிங் முட்டுக்கு’. அவ்வளவுதான், டீக் கப்பெல்லாம் தானாக வாசல் குப்பை டிரம்முக்குப் போய்விட்டது. வேலை முடிந்து கழிவேற்ற வந்த லாரிக்காரர், “இத்துனூண்டுக்கா என்னைக் கூப்பிட்டீங்க?” என்று முறைத்தார்.

அந்தக் குஷியில் குப்பைக்கா வீட்டிலும் ஆரம்பித்தார். கணவரின் ஓடாத மின்விசிறியைக் காட்டி, “இது எங்க போகுதுன்னு எழுதி ஒட்டுங்க” என்றார்.

கணவர் அசரவே இல்லை. ‘ரிப்பேர் கடைக்கு, நாளை’ என்று எழுதி ஒட்டினார்.

அந்த ‘நாளை’க்கு இப்போது மூன்று வயது. தூசு தட்டும்போதெல்லாம் குப்பைக்கா அதைப் படித்துச் சிரிப்பார். தூக்கி எறிய மட்டும் கை வருவதில்லை. போகும் இடத்தைத்தான் எழுதி ஒட்டியாயிற்றே!