கோப்புப் படம்

அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தது நான்தான். கெட்டுப்போன மீன் பறிமுதல் என்று ஒரு செய்தி. சம்பவ இடத்துக்கு எங்கள் பத்திரிகை ஆள் யாரும் போகவில்லை. பழைய படங்களில் தேடி, பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் ஒரு பெண்ணின் படத்தை எடுத்து வைத்தேன். அதன் கீழே ‘கோப்புப் படம்’ என்று போட வேண்டும். போடவில்லை. கனகசெட்டிக்குளம் என்ற மீனவக் கிராமத்திலிருந்து வந்து விற்பவள் அவள். அவளிடமிருந்து எதையும் யாரும் பறிமுதல் செய்யவில்லை. படத்தில் முகம் தெளிவாக இருந்தது.

மூன்றாம் நாள் உள்பக்கத்தில் நான்கு வரி வருத்தம் வெளியானது. அதை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன். அலுவலகத்தில் எனக்குத் தப்பு விடாத ஆள் என்று பெயர். அந்த நினைப்போடுதான் போயிருக்கிறேன்.

அவள் பேப்பரை வாங்கவில்லை.

“எனக்குப் படிக்கத் தெரியாது. மீன் வாங்குறவங்களுக்கு இதப் படிக்க நேரமில்ல.”

“தெரியாம நடந்துடுச்சும்மா. இருபது வருஷத்துல நான் இப்படிச் செஞ்சதில்ல.”

“அப்ப நீ நல்லவன். வீட்டுக்குப் போ.”

பக்கத்துக் கூடைக்காரி சிரித்தாள். “படம் புடிக்க வந்திருக்காருடி. மூஞ்சிய மூடிக்க.”

நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

“சனிக்கிழமை சனிக்கிழமை ஒம்போது மணிக்கு வா. கூட்டத்துல நின்னு எங்கிட்ட வாங்கு. பேப்பர்ல போட்டவனே வாங்கித் துன்றான்னு நாலு பேர் பாக்கட்டும்.”

ஐந்து சனிக்கிழமை போனேன். ஒரு முறைகூட அவள் முகம் இளகவில்லை. சங்கரா மீனைச் செதில் சீவிப் பைக்குள் எறிவாள். ஆறாவது வாரம் மழை. அதுதான் ஐந்து முறை போயாயிற்றே என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

அடுத்த வாரம் எல்லோருக்கும் கொடுத்த பிறகே என் பக்கம் திரும்பினாள்.

“போன வாரம் வரல.”

“மழைம்மா.”

“நான் மழையிலதான் ஒக்காந்திருந்தேன். டீச்சரம்மா வந்துச்சு. எத்தினி வருசமா எங்கிட்டயே வாங்குன பொம்பள, உன் படத்துக்கப்புறம் அன்னிக்குத்தான் வந்துச்சு. ‘பேப்பர்காரர் உங்கிட்ட வாங்குறாராமே, எங்க காணோம்’னு கேட்டுச்சு. யாரக் காட்டுறது நான்? அந்தாண்ட கூடைல வாங்கிக்கினு போயிடுச்சு.”

“அஞ்சு வாரம் வந்தேனேம்மா.”

“அது அந்த அஞ்சு வாரத்துக்கு.”

மீனை வாங்கிய பிறகும் நான் நகரவில்லை.

“இன்னா?”

“டீச்சரம்மா வந்தா நான் இருக்கணுமில்ல.”

“ஓரமா நில்லு. வர்றவங்கள மறைக்காத.”

பை வெளியே தெரியும்படி பிடித்துக்கொண்டு கூட்டம் கலையும்வரை நின்றேன். டீச்சரம்மா வரவில்லை.

“அடுத்த சனிக்கிழமை, ஒம்போது மணி” என்றாள் அவள், என்னைப் பார்க்காமல், கூடையைக் கழுவியபடி.