ஆமிக்கு வைத்த நேர்த்தி

முருகனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கேட்டது நான்தான். லண்டன் மனோர் பார்க் முருகன் கோவிலில் நின்று, மகள் ஆசைப்பட்ட இடம் அவளுக்குக் கிடைத்தால் வருகிற தேருக்கு அடி அழிக்கிறேன் என்று நேர்ந்தேன். தேருக்குப் பின்னால் அடிக்கொரு தரம் நிலத்தில் விழுந்து கும்பிட்டு எழும்பிப் போகிற நேர்த்தி அது. முழங்கால் இரண்டும் தேய்ந்த எனக்கு லேசான காரியம் இல்லை. அப்படியிருந்தும், அது எந்த இடம் என்று பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை பாருங்கள்.

எஞ்சினியரிங் முடித்தவள். பெரிய கொம்பனிகளுக்கு எழுதிப் போட்டிருக்கிறாள் என்பது தெரியும். பிறகு எங்கேயோ தெரிவுக்கென்று போய், சப்பாத்து முழுக்கச் சேறும் முழங்கையில் உரசலுமாக வந்து நின்றாள். கூட்டாக வேலை செய்யத் தெரியுமா என்று பார்த்தார்களாம். இந்த நாட்டில் வேலைக்கு எடுக்க முதல் பிள்ளைகளைச் சேற்றில் ஓடவிட்டுப் பார்ப்பார்களாக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, சப்பாத்தைக் கழுவி வெயிலில் வைத்தேன். நான் ஒரு மோட்டு மனிசி.

ஒரு ஞாயிறு மத்தியானம் நண்டுக் கறிக்கு முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். இரண்டு இடத்திலிருந்து வரச்சொல்லியிருக்கிறார்கள் என்றாள். ஒன்று பாலம் கட்டுகிற கொம்பனி. எது விருப்பமோ அதற்குப் போ, இதில் என்ன கேள்வி என்றேன்.

"நான் ஆசைப்பட்டது மற்றது. அம்மா, அது ஆமி."

முருங்கைக் காம்பு கையிலேயே நின்றுவிட்டது. எந்த ஆமி என்று கேட்டேன். என் ஆயுசில் ஒரே ஒரு ஆமிதான் உண்டு, ஊரில் கண்டது. இந்த நாட்டு இராணுவம், ஆமியில் ஒபிசராவதற்குப் படிக்கிற கல்லூரி என்று அவள் சொல்லச் சொல்ல, சொற்கள் காதில் விழுந்தனவே தவிர உள்ளே இறங்கவில்லை. முதலில் அந்தச் சேற்றுத் தெரிவு. பிறகு ஏதாவது ஒரு ரெஜிமென்ட், இந்தப் பிள்ளை எங்களுக்கு வேண்டும் என்று சொல்லவேண்டும். பாலமும் றோட்டும் போடுகிற ரெஜிமென்ட் ஒன்று சொல்லிவிட்டது. கல்லூரியும் இடம் தந்துவிட்டது. நல்ல பிள்ளை என்று எழுதிக் கொடுத்தவர், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் அதிபர். கிழமைக்குக் கிழமை என்னிடம் தேத்தண்ணி வாங்கிக் குடிக்கிற மனிசன், மூச்சு விடவில்லை.

அடுப்பை நிறுத்திவிட்டு முன்னறைக்குப் போய் என் மனிசனிடம் சொன்னேன். பஸ் ஓட்டிவிட்டு வந்து காலை நீட்டிக்கொண்டு இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இவருக்கு முன்னமே தெரியும் என்று அப்போதே விளங்கிவிட்டது. ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கத்தினேன்.

"உமக்குச் சொல்லியிருந்தால் நேர்த்தி வைச்சிருப்பீரோ?" என்றார்.

கோதாரி. மனிசன் சொன்னதும் சரிதான்.

என் அண்ணையைப் பற்றிச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். ஊரில் சண்டை நடந்த காலத்தில் ஒருநாள் அவரும் நானும் பஸ்ஸில் போனோம். செக்பொயின்றில் ஆமிக்காரன் ஏறிக் கையை நீட்டினான். எல்லோரும் அடையாள அட்டையைக் கொடுத்தோம். என்னுடையது திரும்பி வந்தது. அண்ணையை இறங்கச் சொன்னார்கள். பஸ் அவர் இல்லாமல் வெளிக்கிட்டது. நான் அந்தப் பஸ்ஸுக்குள்ளேயே இருந்தேன். அண்ணை பிறகு வரவேயில்லை. சாமியறையில் இருக்கிற அவருடைய படத்துக்குப் பூ வைத்து வளர்ந்தவள்தான் இவள்.

பின்னேரம் மகள் என் காலடியில் வந்து இருந்தாள். "நீங்கள் வேண்டாம் எண்டால் நான் போகேல்லை அம்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லவேணும்" என்றாள். எதிர்த்துச் சண்டை பிடித்திருந்தால் எனக்கு எவ்வளவு சுகம்! பாரத்தைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டாள்.

வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனியில்தான் நின்றது. ஆனால் நேர்ந்தாகிவிட்டதே. அப்டன் பார்க் சீலைக் கடையில்கூட வாங்கினதைத் திருப்பி எடுக்கமாட்டார்கள், முருகன் எடுப்பாரா? வெள்ளிக்கிழமை அவள் முகத்தைப் பார்க்காமல், நேர்ந்தது நேர்ந்ததுதான், போ என்றேன். அது மனம் வைத்துச் சொன்ன சொல் இல்லை. அவளுக்கும் அது தெரியும்.

தேரன்று அடி அழித்தேன். ஒவ்வொரு தரமும் என்னைக் கையைப் பிடித்து எழுப்பிவிட்டவள் அவள்தான். என்ன நேர்த்தி என்று கேட்டவர்களுக்கெல்லாம் பிள்ளைக்குப் படிப்பு என்றேன். ஆமி என்று சொல்ல நா எழவில்லை.

கல்லூரியில் கொண்டுபோய் விடுகிற நாள் வந்தது. வரும்போது அயர்ன் பண்ணுகிற பலகை கொண்டுவரவேண்டும் என்று கட்டளை. வீட்டில் ஒரு சட்டையைக்கூடத் தேய்த்தறியாதவள்! கார்களிலிருந்து தாய்தகப்பன்மார் பலகை பலகையாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். நானும் சீலையோடு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தேன். வாசலில் ஆமி உடுப்புப் போட்ட ஒருவன் நேரே என்னிடம் வந்து கையை நீட்டினான்.

என் கை தானாக ஹான்ட்பாக்குக்குள் போனது. லைசன்ஸ் அட்டையை எடுத்து அவனிடம் நீட்டினேன்.

அவன் விளங்காமல் என்னையும் அட்டையையும் பார்த்தான். பாவம், பலகையைத் தூக்கி உதவத்தான் வந்திருக்கிறான். இத்தனை வருஷம் லண்டனில் இருந்தும், நான் இன்னும் அந்தப் பஸ்ஸை விட்டு இறங்கவில்லையா?

மகள் பார்த்துவிட்டாள். அவள் முகம் செத்துப்போனது. "அம்மா, வாங்கோ, வீட்டை போவம். உண்மையாத்தான் சொல்லுறன்" என்றாள்.

அந்தப் பெடியனின் கை இன்னும் நீட்டியபடி இருந்தது. இவள் வயதுதான் இருக்கும். அட்டையைத் திரும்பப் பைக்குள் வைத்துச் ஸிப்பை இழுத்தேன். பலகையை அவனிடம் கொடுத்தேன். பிறகுதான் மகளின் முகத்தை நேரே பார்த்தேன்.

"போட்டு வா பிள்ளை. ஒண்டு மட்டும் செய். எங்கையாவது நீ ஒரு பஸ்ஸை மறிச்சால், இறக்கின ஆளைத் திருப்பி ஏத்திவிடு."

"ஓம் அம்மா" என்றாள்.