பொட்டு வைக்காத பெட்டி

சிவகாசியில் நான் வேலை பார்த்த ஆஃப்செட் அச்சகத்தில், வெடிப்பெட்டி லேபிள் வடிவமைக்க ஒரே ஒரு கணினிதான் இருந்தது. அதில் ஓடியது விண்டோஸ் தொண்ணூற்றெட்டு. ஊரில் மற்றவர்கள் அதற்கடுத்து வந்த எக்ஸ்பிக்கு மாறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஏழாயிரம்பண்ணைப் பக்கமிருந்து வரும் பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் பென் டிரைவை நீட்டுவார்கள். "இது இதுல ஏறாதுண்ணே, சிடியில போட்டுக் கொண்டாங்க" என்று சொல்லிச் சொல்லி எனக்கே வெட்கமாகிவிட்டது.

ஆனால் என் அவசரத்துக்குக் காரணம் பென் டிரைவ் அல்ல. சென்னையில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. தீபாவளிக்கு இரண்டு வாரம் முந்திய திங்கட்கிழமை சேர வேண்டும். என் இடத்துக்கு ஆமத்தூரிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். பட்டாசு ஆலைக்குப் போய்க்கொண்டே கம்ப்யூட்டர் சென்டரில் படித்தவள். படித்தது முழுவதும் எக்ஸ்பியில். எங்கள் திரையைப் பார்த்தாலே கையை மடியில் வைத்துக்கொள்வாள்.

"இங்கன எடம் கெடைக்கலேன்னா மறுபடியும் காலையில ஆறு மணி ஆலை வேனுதான்க்கா" என்றாள் ஒருநாள்.

முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். அவர் வைத்த நிபந்தனை நியாயமாகத்தான் இருந்தது. "புதுச ஏத்திரு. இந்தப் புள்ள அதுல ஓட்டட்டும். அப்புறம் நீ எங்கன வேணாலும் போ தாயி."

"எப்ப ஏத்தட்டும் அண்ணாச்சி?"

"சீசன் முடியட்டும்."

எனக்குப் பட்டியல் போடாமல் யோசிக்க வராது. வீணான லேபிள் தாளின் பின்பக்கத்தில் மாதங்களை எழுதினேன். பழையதை அழித்து, புதியதை ஏற்றி, எழுத்துரு, பிரிண்டர், ஸ்கேனர் எல்லாவற்றையும் சரிபார்க்க ஒரு முழு நாள் வேண்டும். ஆடி பதினெட்டுக்குக் காலண்டர் மாதிரி ஆல்பம். அதிலிருந்து தீபாவளி வரை லேபிள். தீபாவளி முடிந்ததும் காலண்டர், டைரி. தை பிறந்தால் கல்யாணப் பத்திரிகை. பங்குனியில் மாரியம்மன் கோவில் பொங்கல் நோட்டீஸ், அதன் பிறகு பள்ளி நோட்டு அட்டை. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். தாளில் மிச்சமிருந்தது ஒரே நாள், ஆயுத பூஜை. அன்று மட்டும் எந்த மிஷினும் ஓடாது. ஆனால் பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை தொடக்கூடாது.

கணினி இருந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. தூசி வராமலிருக்கக் கதவையும் சாத்தியே வைப்பார்கள். அந்தத் தாளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோதுதான் அறை எவ்வளவு சிறியது என்று எனக்குத் தெரிந்தது.

மறுநாள் அண்ணாச்சியிடம் போனேன். "சிபியு பெட்டிய மட்டும் பூஜைக்கு வைக்க வேண்டாம் அண்ணாச்சி. மானிட்டருக்குப் பொட்டு வைங்க, கீபோர்டுக்கு வைங்க. பெட்டிய நான் வீட்டுக்குக் கொண்டுபோறேன். பூஜையில வச்சாத்தான தொடக்கூடாதுன்னு சொல்லுவீக?"

"வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் நீ" என்றார். பிறகு, "விஜயதசமி பூஜைக்கு முன்னால பெட்டி இங்கன இருக்கணும். ஓடவும் செய்யணும்" என்றார்.

லேபிள் கோப்புகளைப் பதினான்கு சிடிகளில் எழுதினேன். ஆயுத பூஜைக்கு முந்தின சாயங்காலம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு விருதுநகர் பஸ்ஸில் போனேன். வீட்டில் என் பழைய மானிட்டர் இருந்தது. காலை ஏழு மணிக்குத் தொடங்கினேன். பத்து மணிக்குக் குங்குமக் கிண்ணத்தோடு அம்மா வந்தாள்.

"இதுக்கும் ஒண்ணு வச்சிரட்டா?"

"அம்மா, கிட்ட வராதீங்க!"

"ஏட்டி, வெடியா வச்சிருக்க? இந்தக் கத்து கத்துற?"

பெட்டியின் மேல் துண்டைப் போர்த்திவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலத்துக்குள் எழுத்துருக்கள் வந்துவிட்டன. கோப்புகள் எல்லாம் திறந்தன. பிரிண்டரும் ஸ்கேனரும் அச்சகத்தில் இருந்ததால் அவை மட்டும் பாக்கி.

விஜயதசமி காலையில் பெட்டியைச் சந்தனம் காய்ந்த மானிட்டரோடு இணைத்தேன். ஆமத்தூர்ப் பெண் நாற்காலியில் உட்கார்ந்தாள். முதன்முறையாக மவுஸை அவளாகவே பிடித்தாள். ஸ்கேனர் ஓடியது. "ஒரு பிரிண்ட் போட்டுப் பாரு" என்றேன். அவளை நான் திறக்கச் சொன்னது என் ராஜினாமாக் கடிதத்தை.

தாளை அண்ணாச்சியிடம் கொடுத்தேன். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எழுத்துகளில் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் வந்திருக்கிறதா என்றுதான் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, ப்ரூஃபில் போடுவதுபோல ஓரத்தில் 'ஓகே' போட்டுக் கையெழுத்தும் போட்டார்.

அப்படியே வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். கை நீளவில்லை.

"படிச்சிட்டுக் குடுங்க அண்ணாச்சி."

படித்தார். முகம் சுருங்கியது. "தீபாவளிக்கு முன்னாலயா?"

"நீங்கதான் சொன்னீக, ஏத்திட்டுப் போகச் சொல்லி."

ஓகே போட்ட பிறகு திருத்தம் கேட்டு வரும் கம்பெனிக்காரர்களிடம், "ஓகே போட்டா பேச்சு கெடையாது" என்று அவர் சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்தப் பெண்ணும் கேட்டிருப்பாள். மவுஸிலிருந்து கையை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஓகேயை அடிக்கவில்லை. அதன் கீழே ஒரு வரி சேர்த்தார்: 'சீசன் முடியும் வரை போனில் கேட்டால் சொல்லித்தர வேண்டும்.'

சென்னையில் சேர்ந்த முதல் திங்கட்கிழமை பதினொரு மணிக்குப் போன் அடித்தது.

"அக்கா, ஸ்கேனரக் காணோங்குது."

"பின்னால இருக்க வயரப் பிடுங்கித் திரும்பச் செருகு."

"அண்ணாச்சி பக்கத்துலதான் நிக்காக. அடுத்து காலண்டர் வேலையாம், எப்படின்னு கேக்கச் சொன்னாக."

சொல்லத் தொடங்கினேன். சீசன் எப்போது முடியும் என்பதை நான்தான் ஏற்கெனவே ஒரு தாளில் எழுதிப் பார்த்திருக்கிறேனே.